மக்கள்தொகை என்னும் சொல்

நுழையும்முன்

செய்தித்தாளிலும் பாடநூலிலும் அரசு அறிவிப்பிலும் நாள்தோறும் கண்ணில் படும் சொற்களுள் ஒன்று மக்கள்தொகை. அதன் பொருள் அனைவரும் அறிந்தது போலவே தோன்றும். எனினும், ஓர் ஊரின் மக்கள்தொகை எவ்வளவு என்று வினவினால், சரியான விடைகளே ஒன்றுக்கு மேற்பட்டனவாக இருப்பதைக் காணலாம். அஃது எவ்வாறு இயலும் என்பதைத் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவெறும்பூரைச் சான்றாகக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

ஓர் ஊர், மூன்று விடைகள்

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில், நகரின் கிழக்கே அமைந்துள்ள ஊர் திருவெறும்பூர். தேவர்கள் எறும்பு உருக்கொண்டு சிவபெருமானை வழிபட்ட தலம் என்று தலபுராணம் கூறும். குன்றின்மேல் அமைந்த எறும்பீசுவரர் கோயில் திருநாவுக்கரசரால் பாடப்பெற்றது.

இவ்வூரின் தோற்றம் 1960களில் மாறத் தொடங்கியது. பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை 1965இல் இங்குத் தன் பணியைத் தொடங்கியது. அதனை அடுத்துப் படைக்கலத் தொழிற்சாலை ஒன்றும் அமைந்தது. அருகிலுள்ள துவாக்குடியில் 1964இல் நிறுவப்பட்ட மண்டலப் பொறியியல் கல்லூரி, இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகமாக விளங்குகிறது. வேலையையும் கல்வியையும் நாடிப் பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் மக்கள் வந்து குடியேறினர். நாளடைவில் திருச்சிராப்பள்ளி நகரின் குடியிருப்புகளும் திருவெறும்பூரின் குடியிருப்புகளும் ஒன்றோடொன்று நெருங்கின. ஆயினும், ஆட்சி எல்லையைப் பொறுத்தவரை திருவெறும்பூர் தனிப் பேரூராட்சியாகவே இருந்தது. 2011ஆம் ஆண்டில்தான் அது திருச்சிராப்பள்ளி மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது.

அதே 2011ஆம் ஆண்டில் இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் நடைபெற்றது. அக்கணக்கெடுப்பின்போது இருந்த பழைய எல்லைப்படி, திருச்சிராப்பள்ளி மாநகராட்சியின் மக்கள்தொகை 8,47,387. திருவெறும்பூர் உள்ளிட்ட பகுதிகளை இணைத்து விரிவாக்கப்பட்ட எல்லைப்படி, அதே கணக்கெடுப்பில் அந்நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 9 இலட்சத்து 16 ஆயிரம். மாநகராட்சியையும் அதனைத் தொடர்ந்து அமைந்த நகர்ப்புறக் குடியிருப்புகளையும் ஒருசேரக் கொள்ளும் நகரத்தொகுதியின் மக்கள்தொகை 10,22,518.

இம்மூன்றனுள் எது பிழை? எதுவும் பிழையன்று. ஒவ்வோர் எண்ணும் ஒவ்வோர் எல்லைக்கு உரியது. மூன்றாம் எண்ணைக் கொண்டால், சென்னை, கோயம்புத்தூர், மதுரை ஆகியவற்றோடு திருச்சிராப்பள்ளியும் 2011இல் பத்து இலட்சத்தைக் கடந்த தமிழக நகரத்தொகுதிகளுள் ஒன்றாகும். முதல் எண்ணைக் கொண்டால், அந்நிலையை எட்ட அதற்கு ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் குறைவு. திருவெறும்பூரில் வாழும் ஒரு குடும்பம் முதல் எண்ணுள் அடங்காது. பின் இரண்டனுள் அடங்கும். அக்குடும்பம் வீடு மாறவில்லை. நகரின் எல்லைக்கோடே மாறியது.

ஆகவே, மக்கள்தொகை என்னும் சொல்லைக் கேட்டவுடன் எழவேண்டிய வினா ‘எவ்வளவு?’ என்பது மட்டுமன்று. ‘எந்த எல்லைக்குள்? எந்த நாளில்? யார் யாரைச் சேர்த்து?’ என்னும் மூன்று வினாக்களும் அதனோடு எழுதல் வேண்டும்.

தொகை: சொல்லும் பொருளும்

மக்கள்தொகை என்பது ‘மக்களது தொகை’ என விரியும். எனவே, இஃது ஆறாம் வேற்றுமைத்தொகை. ‘தொகு’ என்னும் வினையடியிலிருந்து பிறந்த ‘தொகை’ என்னும் சொல் சேர்க்கை, கூட்டம், மொத்தம், பணம் எனப் பல பொருள்களில் வழங்குகிறது. எட்டு நூல்களின் சேர்க்கை எட்டுத்தொகை. கடையில் செலுத்தப்படும் மொத்தப் பணமும் தொகையே. இலக்கணத்தில், உருபு முதலியன மறைந்து நிற்கும் சொற்றொடரும் தொகை எனப்படும்.

தமிழ்நூல் மரபில் தொகை, வகை, விரி என்னும் மூன்றும் ஒரு வரிசையாக எண்ணப்படும். அடியார் வரலாற்று நூல்கள் இதற்குச் சிறந்த சான்று. சுந்தரர் பாடிய திருத்தொண்டத்தொகை தொகை நூல். நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதி வகை நூல். சேக்கிழாரின் பெரியபுராணம் விரி நூல். அடியார்களையும் தனியடியார் அறுபத்து மூவர், தொகையடியார் ஒன்பதின்மர் எனப் பகுப்பர். பெயர் சுட்டிப் போற்றப்படுவோர் தனியடியார்; குழுவாகப் போற்றப்படுவோர் தொகையடியார். தனியொருவரை எண்ணுதலும் குழுவாகச் சேர்த்து எண்ணுதலும் வேறுவேறு என்னும் தெளிவு இம்மரபில் உள்ளது.

இவ்வரிசை மக்கள்தொகைக்கும் பொருந்தும். 2011இல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7,21,47,030 என்பது தொகை. அதனை ஆண், பெண் எனவும், நகர், சிற்றூர் எனவும், அகவை வாரியாகவும் பகுத்துக் காட்டுவது வகை. ஒவ்வொரு வீட்டிலும் வாழ்வோர் விவரத்தைத் தாங்கிய படிவம் விரி. கணக்கெடுப்பு விரியில் தொடங்கித் தொகையில் முடிகிறது. அதனைப் படிப்போரோ தொகையில் தொடங்கி வகையை நாடிச் செல்கின்றனர். தொகையோடு நின்றுவிடுவோர்க்கு அதனுள் இருக்கும் மனிதர் தென்படுவதில்லை.

சொல்லின் பழைய வடிவங்கள்

ஆங்கிலத்தில் ‘பாப்புலேஷன்’ என வழங்கும் சொல், ‘மக்கள்’ எனப் பொருள்படும் ‘பாப்புலஸ்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அச்சொல் ஓரிடத்து மக்களையும் குறிக்கும். அவர்தம் எண்ணிக்கையையும் குறிக்கும். தமிழில் இவ்விரண்டனுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. வாழ்வோரைக் குறிக்க மக்கள், குடிகள் என்பனவும், எண்ணிக்கையைக் குறிக்க மக்கள்தொகை என்பதும் வழங்குகின்றன.

சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் ஜனத்தொகை, ஜனசங்கியை, குடிமதிப்பு ஆகிய சொற்கள் வழக்கில் இருந்தன. கணக்கெடுப்பைக் குறிக்கக் ‘கானேசுமாரி’ என்னும் பாரசீகச் சொல்லும் வழங்கியது. ‘கானா’ என்றால் வீடு. ‘சுமாரி’ என்றால் எண்ணுதல். மக்களை எண்ணுவதற்கு முதலில் வீடுகளை எண்ணவேண்டும் என்னும் நடைமுறை அச்சொல்லிலேயே பதிந்துள்ளது. இன்றைய கணக்கெடுப்பும் வீடுகளைப் பட்டியலிட்ட பிறகே ஆட்களை எண்ணுகிறது. இலங்கைத் தமிழரிடையே சனத்தொகை என்னும் சொல்லே பெருவழக்கு. அந்நாட்டில் கணக்கெடுப்பு ‘தொகைமதிப்பு’ எனப்படும்.

எல்லை, நாள், ஆள்

சென்னை மாகாணத்தில் 1871இல் மக்கள் கணக்கெடுப்பு நடைபெற்றது. இந்தியா முழுமைக்கும் ஒரே காலத்தில் எடுக்கப்பட்ட முதல் கணக்கெடுப்பு 1881ஆம் ஆண்டினது. அதன்பின் 2011 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை இப்பணி தொடர்ந்தது. விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம் இதற்கு அடிப்படையாக உள்ளது. தனியொருவர் அளிக்கும் விவரங்கள் மறைவாகக் காக்கப்படும் என்பது அச்சட்டம் தரும் உறுதி.

மக்கள் ஓரிடத்தில் நிற்பவர் அல்லர். பிறப்பும் இறப்பும் ஒவ்வொரு நொடியும் நிகழ்கின்றன. வருவோரும் போவோரும் ஓய்வதில்லை. ஓடும் ஆற்றின் நீரை அளக்க ஒரு கணத்தைக் குறித்துக்கொள்வது போல, கணக்கெடுப்பிற்கும் ஒரு கணம் குறிக்கப்படுகிறது. 2011இல் அக்கணம், மார்ச்சு முதல் நாள் பிறக்கும் நள்ளிரவு. கணக்கெடுப்பாளர்கள் பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடுவீடாகச் சென்றனர். பின்னர் மார்ச்சு முதல் ஐந்து நாள்களில் மீண்டும் சென்று, இடையில் நேர்ந்த பிறப்பு இறப்புகளைக் கேட்டுத் திருத்தினர். அந்நள்ளிரவிற்கு முன் பிறந்த குழந்தை தொகையுள் அடங்கும். பின் பிறந்த குழந்தை அடங்காது.

இனி, யாரை எங்கே எண்ணுவது? திருநெல்வேலியைச் சேர்ந்த மாணவர் ஒருவர் துவாக்குடி விடுதியில் தங்கிப் பயில்கிறார் எனக் கொள்வோம். அவர் எண்ணப்படும் இடம் விடுதியே. பெற்றோர் வீடு அன்று. இரண்டிடத்திலும் எண்ணினால் ஒருவர் இருவராவார். ஈரிடத்திலும் விடுபட்டால் இல்லாதவராவார். வைகுண்ட ஏகாதசிக்குத் திருவரங்கத்தில் திரள்வோர் இலட்சக்கணக்கானோர். அவர்கள் வந்துபோவோரே, திருவரங்கத்தின் மக்கள்தொகையில் சேரார். எனினும், அன்று அவர்களுக்கும் குடிநீர் வேண்டும், பேருந்து வேண்டும், மருத்துவ உதவி வேண்டும். எனவே, நிலையாக வாழ்வோர் தொகை ஒரு பயனுக்கும், வந்துபோவோர் தொகை வேறொரு பயனுக்கும் தேவைப்படுகின்றன.

வீடற்றோரையும் கணக்கெடுப்பு விட்டுவிடுவதில்லை. நடைபாதையிலும் தொடர்வண்டி நிலையத்திலும் கோயில் வாயிலிலும் இரவைக் கழிப்போரை எண்ணுவதற்கென்றே பிப்ரவரி 28ஆம் நாள் இரவு ஒதுக்கப்பட்டது. கதவு எண் இல்லாதவரும் நாட்டின் தொகையுள் ஒருவரே என்பதை அவ்விரவுப்பணி உணர்த்துகிறது.

பிற துறைகளில் இச்சொல்

உயிரியலில் ‘பாப்புலேஷன்’ என்பதற்கு இனத்தொகை, இனக்கூட்டம் என்னும் சொற்கள் வழங்குகின்றன. ஒரே இனத்தைச் சேர்ந்த உயிர்கள், ஒரே பரப்பில், ஒரே காலத்தில் வாழ்ந்தால் அவை ஓர் இனத்தொகை ஆகும். இனம், பரப்பு, காலம் என்னும் மூன்று வரம்புகளும் இங்கே வெளிப்படையாகவே கூறப்படுதல் கருதத்தக்கது. திருவெறும்பூர்க் குன்றில் ஊரும் எறும்புகள் அனைத்தையும் ஓர் இனத்தொகை என்றல் பொருந்தாது. அவற்றுள் பல இனங்கள் இருக்கக்கூடும். ஒவ்வோர் இனத்தையும் தனித்தனியே கொள்ளவேண்டும்.

எறும்புகளை ஒவ்வொன்றாக எண்ணுதல் இயலாது. உலகின் பல பகுதிகளில் சிறு சிறு பரப்புகளில் எடுக்கப்பட்ட கணக்குகளைத் திரட்டி, உலகிலுள்ள எறும்புகள் ஏறத்தாழ 20,000 இலட்சம் கோடி என 2022இல் அறிஞர்கள் மதிப்பிட்டனர். இது மதிப்பீடு, கணக்கெடுப்பு அன்று. ஒவ்வொன்றையும் எண்ணிப் பெறுவது கணக்கெடுப்பு; சிலவற்றை எண்ணி முழுமையைக் கணிப்பது மதிப்பீடு.

புள்ளியியலில் இச்சொல் உயிரற்ற பொருள்களுக்கும் உரியது. அங்கு இது முழுமைத்தொகுதி எனப்படும். ஒரு தொழிற்சாலையில் ஒரு திங்களில் செய்யப்பட்ட வெல்டிங் இணைப்புகள் அனைத்தும் ஒரு முழுமைத்தொகுதி. அவற்றுள் ஆய்வுக்கென எடுத்துக்கொள்ளும் சில இணைப்புகள் கூறு எனப்படும். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழி இம்முறையையே சுட்டுகிறது. ஆயினும், பானை எது என்பது தெளிவாக இருந்தால்தான் அந்த ஒரு சோறு பதமாகும்.

சட்டம் கூறும் மக்கள்தொகை

பேச்சுவழக்கில் மக்கள்தொகை என்பது இன்று வாழ்வோரைக் குறிக்கும். சட்டத்தில் அவ்வாறன்று. கடைசியாக நடைபெற்று, எண்ணிக்கை வெளியிடப்பட்ட கணக்கெடுப்பின்படி அமைந்ததே மக்கள்தொகை என்று இந்திய அரசமைப்பின் 81ஆம் உறுப்பு வரையறுக்கிறது. இவ்விரு பொருள்களுக்கும் இடையே உள்ள தொலைவு மக்களின் வாழ்வைத் தொடுவதாகும்.

நாடாளுமன்ற மக்களவையில் ஒரு மாநிலத்திற்குரிய இடங்கள் மக்கள்தொகையைக் கொண்டே பகிரப்படுகின்றன. 1961ஆம் ஆண்டின் கணக்கெடுப்பிற்குப் பின், இன்றைய தமிழ்நாடான அன்றைய சென்னை மாநிலத்தின் இடங்கள் 41இலிருந்து 39ஆகக் குறைந்தன. அம்மாநிலத்தில் மக்கள் குறையவில்லை. பிற மாநிலங்களோடு ஒப்பிடுகையில் அதன் பங்கு குறைந்தது. குடும்பநலத் திட்டத்தை நன்கு நிறைவேற்றும் மாநிலங்கள் அதனாலேயே இடங்களை இழத்தல் கூடாது என்னும் கருத்து பின்னர் வலுப்பெற்றது. 1976இல் நிறைவேறிய 42ஆம் திருத்தம், இடப்பகிர்விற்கு 1971ஆம் ஆண்டின் தொகையையே நிலைபெறச் செய்தது. 2026ஆம் ஆண்டிற்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பின் எண்ணிக்கை வெளியாகும்வரை அது நீடிக்கும் என 84ஆம் திருத்தம் வகுத்தது. 1971இல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 4 கோடியே 12 இலட்சம். 2011இல் தொகை 7 கோடியைக் கடந்திருந்தும், இடப்பகிர்வுக்குரிய ‘மக்கள்தொகை’ அப்பழைய எண்ணாகவே இருந்தது.

உணவும் இச்சொல்லோடு தொடர்புடையது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், நாட்டின் சிற்றூர் மக்களுள் 75 விழுக்காடு வரையிலும் நகர மக்களுள் 50 விழுக்காடு வரையிலும் மானிய விலையில் தானியம் பெற வழிசெய்கிறது. பயன்பெறுவோர் எண்ணிக்கையை, வெளியிடப்பட்ட கணக்கெடுப்பைக் கொண்டே கணக்கிட வேண்டும் என்பது அதன் விதி. 2021இல் நடைபெற்றிருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனா பெருந்தொற்றினால் தள்ளிப்போனது. அடுத்த கணக்கெடுப்பிற்குரிய நாளாக 2027 மார்ச்சு முதல் நாள் அறிவிக்கப்பட்டது. அதன் எண்ணிக்கை வெளியாகும்வரை, 2011 மார்ச்சுக்குப் பின் பிறந்தோர் எவரும் இவ்விதி குறிக்கும் தொகையுள் இல்லை. பள்ளிக்குச் செல்லும் சிறுவரும் சிறுமியரும் மக்களாக இருந்தும் ‘மக்கள்தொகை’யில் இல்லாத நிலை இது.

மத்திய அரசுப் பணியாளரின் வீட்டு வாடகைப்படியும் நகரின் மக்கள்தொகையைப் பொறுத்ததே. 50 இலட்சமும் அதற்கு மேலும் உள்ள நகரங்கள் ஒரு வகை; 5 இலட்சம் முதல் 50 இலட்சம் வரை உள்ளவை மற்றொரு வகை; ஏனையவை மூன்றாம் வகை. எல்லைக்கோடு எங்கே செல்கிறது என்பது இவ்வாறு ஒரு குடும்பத்தின் மாத வருவாயையும் தொடுகிறது.

வழக்கில் கொள்ளவேண்டிய கவனம்

சொல்லின் பொருள் தெளிந்தால் வழக்கும் திருந்தும். தொகை என்பதே எண்ணிக்கையைக் குறித்தலால், ‘மக்கள்தொகை எண்ணிக்கை’ என எழுதுவது கூறியது கூறலாகும். ‘வெள்ளத்தால் மக்கள்தொகை துன்புற்றது’ என்பதும் தகாது. துன்புறுவோர் மக்கள், தொகை அன்று.

மக்கள்தொகை வேறு, மக்களடர்த்தி வேறு. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் வாழ்வோரின் சராசரியே மக்களடர்த்தி. 2011இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் மக்கள்தொகை 27,22,290. அதன் மக்களடர்த்தி 604. தமிழ்நாட்டின் மக்களடர்த்தி 555. அவ்வாறே, வளர்ச்சி விகிதம் குறைந்தது என்றால் மக்கள்தொகை குறைந்தது என்பது பொருளன்று. ஏறும் வேகம் தணிந்தது என்பதே பொருள்.

மக்கள்தொகை என்பது ஒரு நாளில், ஓர் எல்லைக்குள், ஒரு விதிப்படி எண்ணப்பட்டோரின் மொத்தம். அவ்வெண்ணைக் கொண்டே பள்ளியும் சாலையும் தானியமும் ஆட்சிமன்ற இடங்களும் பகிரப்படுகின்றன. ஆதலால், அதனைப் பயன்படுத்துவோர் ஆண்டையும் எல்லையையும் உடன் குறித்தல் கடமையாகும். எண்ண வருவோரிடம் வீட்டிலுள்ள அனைவரையும், முதியவரையும் கைக்குழந்தையையும் விடாது கூறுதல் ஒவ்வொரு குடும்பத்தின் கடமையாகும். தொகையுள் விடுபட்டவர் பகிர்விலும் விடுபடுவர்.

தெரிந்து தெளிவோம்

ஓர் ஊர் பேரூராட்சியாகவோ நகராட்சியாகவோ அறிவிக்கப்படாதிருந்தும் கணக்கெடுப்பில் நகரமாகக் கொள்ளப்படலாம். அதற்கு மூன்று தகுதிகள் வேண்டும்: மக்கள்தொகை குறைந்தது 5,000, மக்களடர்த்தி சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400, முதன்மைத் தொழிலாளராக உள்ள ஆண்களுள் குறைந்தது 75 விழுக்காட்டினர் வேளாண்மை அல்லாத தொழில் செய்வோர். இவ்வகை ஊர்கள் ‘கணக்கெடுப்பு நகரங்கள்’ எனப்படும்.

இலக்கணக் குறிப்பு

மக்கள்தொகை – ஆறாம் வேற்றுமைத்தொகை
வந்துபோவோர், வாழ்வோர் – வினையாலணையும் பெயர்கள்
பிறப்பும் இறப்பும் – எண்ணும்மை
மக்கள் + தொகை – புணர்ச்சி விதிப்படி ‘மக்கட்டொகை’ என்றாகும். இக்காலத்தில் ‘மக்கள்தொகை’ எனப் புணராது எழுதுவதே பெருவழக்கு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் மக்கள்தொகையை இரு வேறு எல்லைகளுக்குத் திரட்டி, அவ்வெண்கள் வேறுபடுவதற்கான காரணத்தை ஒரு பத்தியில் எழுதுக.
2. ஒரு நாளிதழில் ‘மக்கள்தொகை’ என்னும் சொல் வரும் ஐந்து தொடர்களைத் தொகுத்து, ஒவ்வொன்றிலும் ஆண்டும் எல்லையும் குறிக்கப்பட்டுள்ளனவா எனக் காண்க.
3. ‘தொகை’ என முடியும் பத்துச் சொற்களைத் திரட்டி, அவற்றைப் பொருள் அடிப்படையில் வகைப்படுத்துக.
4. ‘தொகையுள் விடுபட்டவர் பகிர்விலும் விடுபடுவர்’ – இக்கூற்றைப் பாடப்பகுதிச் சான்றுகளுடன் விளக்கி வகுப்பறையில் உரையாற்றுக.